கண் தெரியாத பிள்ளைக்கு எதற்கு உளப்பகுப்பாய்வு? பள்ளத்தூர்க் கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது. மகளுக்கு நாலரை வயது. 29 வாரத்திலேயே பிறந்துவிட்டவள், இன்குபேட்டரில் ஒன்றரை மாதம் கிடந்தவள், விழித்திரை பாதித்து இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பாட்டெல்லாம் பாடுகிறாள், டிவி விளம்பரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள், ஆனால் தனக்குப் பால் வேண்டுமென்றால் "பாப்பாவுக்குப் பால் வேணுமா?" என்றுதான் கேட்கிறாள். உட்கார வைத்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறாள். சென்னையில் பார்த்த மருத்துவர், உளப்பகுப்பாய்வு முறையில் விளையாட்டு சிகிச்சை கொடுத்துப் பாருங்கள் என்றாராம். (மனசுக்குள் புதைந்து கிடப்பதைப் பேச்சிலும் விளையாட்டிலும் வெளியே கொண்டுவந்து புரிந்துகொள்கிற, வியன்னா மருத்துவர் ஃப்ராய்டு தொடங்கிவைத்த வைத்தியம் அது.) மாமியாரோ, "பேச்சே சரியா வராத புள்ளைக்குப் பேச்சு வைத்தியமா? அதுல கண்ணு வந்துருமா? வெள்ளைக்காரன் வைத்தியமெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறாராம். உறவில் ஒருவர் இது ஆட்டிசம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் சொல்வதை நம்புவது?

நான் தேவகோட்டைக்காரி. குழந்தைகளோடு இந்த வேலையைச் சென்னையிலும் இப்போது காரைக்குடியிலுமாகப் பல வருடம் செய்துவருகிறேன், பார்வையில்லாத பிள்ளைகள் சிலரும் வந்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியாருக்கு. கண் வராது, அதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. இந்த சிகிச்சையில் பார்வை திரும்பும் என்று யாராவது சொன்னால் அந்த வாசலைவிட்டு உடனே இறங்கிவிடுங்கள். வெள்ளைக்காரன் வைத்தியம் என்பதைப் பொறுத்தவரை, கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922இல். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, உங்கள் வீட்டுப் பர்மா தேக்குத் தூண் வந்த காலத்திலேயே இதுவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறதா என்று முறையான பரிசோதனை செய்தாகிவிட்டதா? குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கும் கண்ணோடு காதும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. வலிப்பு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: வெளிச்சமே உணராத பிள்ளைகள் பலருக்கு உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தோடு ஒட்டாமல் நழுவிக்கொண்டே போகும், ஒரு வாரம் நன்றாகத் தூங்கி அடுத்த வாரம் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டுப் பாடுவார்கள். அது மனப்பிரச்சினையும் இல்லை, அடமும் இல்லை, குழந்தை மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். எல்லாவற்றுக்கும் மனசைக் காரணம் காட்டுகிற சிகிச்சையாளர் எனக்கும் ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உளப்பகுப்பாய்வாளர்கள் கண் தெரியாத குழந்தைகளிடம் வந்து சேர்ந்ததே உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளால்தான். 1940களில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தன, ஆயிரக்கணக்கில் கண் போயிற்று. ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற மருத்துவர் 1951இல் எழுதினார், அதன்பின் அமெரிக்க ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கண் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மூளை நன்றாக இருந்தும் அவர்களில் சிலர் பேசாமல், நடக்காமல், யாரிடமும் ஒட்டாமல் இருந்தார்கள். வேறு சிலரோ படு கெட்டிக்காரர்கள். ஒரே நோய்க்கு ஏன் இப்படி இரண்டு முடிவு? இந்தக் கேள்விதான் இவர்களை இழுத்தது.

லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு நடத்திய குழந்தைகள் சிகிச்சையகத்தில் டோரதி பர்லிங்ஹாம் இதைக் கையில் எடுத்தார். பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்றே ஒரு சின்ன நர்சரிப் பள்ளி, தாய்மாருக்கு ஆலோசனை, சில பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து நாள் பகுப்பாய்வு. (இந்த அம்மாள் யார் தெரியுமா? வண்ணக் கண்ணாடி வேலைக்குப் பேர்போன அமெரிக்கர் லூயி கம்ஃபர்ட் டிஃபானியின் மகள். நம் வீட்டு ஜன்னல் மேலே பதித்த நீலமும் சிவப்புமான கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். வண்ணத்துக்குள் பிறந்தவர், பிற்காலத்தில் பல வருடங்களை வண்ணமே தெரியாத பிள்ளைகளைக் கவனிப்பதில் கழித்தார்.) அமெரிக்காவில் செல்மா ஃப்ரைபெர்க். மிச்சிகனில் ஆன் ஆர்பர் என்ற ஊரில், வேறு குறையில்லாத, பிறவியிலேயே பார்வையில்லாத பத்துக் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப்போய், படம் பிடித்து, வருடக்கணக்கில் கவனித்தார். 1977இல் புத்தகமாக வந்தது.

ஃப்ரைபெர்க் கண்டுபிடித்ததில் ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் போதும் என்பேன். அந்தக் குழந்தைகளின் முகத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அம்மா பேசினால் முகம் திருப்பாது, சிரிப்பது அபூர்வம், உம்மென்று இருக்கும். பார்க்கிறவர்களுக்கு "இதுக்கு ஒண்ணும் புரியல போல" என்றுதான் தோன்றும். ஆனால் ஃப்ரைபெர்க் கையைப் பார்த்தார். அம்மா குரல் கேட்டதும் விரல்கள் விரியும், அவள் உடுப்பைத் தேடும், கிடைத்தால் அதைக் கசக்கும், அவள் நகர்ந்தால் காற்றில் துழாவும். முகத்தில் இருக்க வேண்டிய ஆசை, ஏக்கம், கோபம் அத்தனையும் கைக்கு இறங்கியிருந்தது. தாய்மாருக்கு அதைக் காட்டிக் கொடுத்ததும், "என்னை இதுக்குப் பிடிக்கல" என்று மனசு விட்டுப்போயிருந்தவர்கள் மறுபடி பிள்ளையைத் தூக்க ஆரம்பித்தார்கள். சிகிச்சையில் பாதி அதுதான். கண் பார்த்துச் சிரிக்காத குழந்தையை விடாமல் கொஞ்சிக்கொண்டே இருப்பது எந்தத் தாய்க்கும் லேசில்லை, அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகளை இன்று சாயங்காலம் பட்டாலையில் உட்கார வைத்து, அரைமணி நேரம் அவள் முகத்தையே பார்க்காமல் கையை மட்டும் பாருங்கள். இருபத்தோரு வயதில் கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் முகம் பார்த்தே மனசை அறிந்துகொண்டவர்கள் நாம், இந்தக் கை மொழியும் வந்துவிடும்.

பார்வையுள்ள குழந்தை ஐந்து மாதவாக்கில் கண்ணில் படுவதை எட்டிப் பிடிக்கும். கண் தெரியாத குழந்தைக்குச் சத்தம் மட்டும் அந்த வேலையைச் செய்யாது. கிலுகிலுப்பையைப் பக்கத்தில் ஆட்டினாலும் அதை எடுக்கக் கை நீளுவது முதல் வயதின் கடைசி மாதங்களில்தான். காரணம் சோம்பல் இல்லை. சத்தம் என்பது வந்து போகிற ஒன்று, அதற்குப் பின்னால் தொடக்கூடிய ஒரு பொருள் "அங்கே" இருக்கிறது என்பதையே அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கைக்குச் சத்தம் எட்டிய பிறகே தவழ்வது வருகிறது. இதெல்லாம் தெரியாமல் "புள்ளை மந்தம்" என்று முடிவு கட்டிவிட்டால், யாரும் எதையும் கையில் கொடுப்பதில்லை, ஊட்டி விடுகிறார்கள், தூக்கிக்கொண்டு போகிறார்கள், அது நிஜமாகவே அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஹாம்ஸ்டெட் குழுவில் ஆன்-மேரி சாண்ட்லர் இந்த அசைவற்ற தன்மையைப் பற்றி 1963இலேயே கவலையோடு எழுதினார். பர்லிங்ஹாம் அதற்கு இன்னொரு பக்கத்தையும் காட்டினார்: அசையாமல் இருக்கிற பிள்ளை சும்மா இல்லை, காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அசைந்தால் தன் சத்தமே மற்றதை மறைத்துவிடும்.

ஆடிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். எங்கும் ஓட முடியாத உடம்பு தன் தெம்பை இருந்த இடத்திலேயே செலவழிக்கிறது. அதட்டி நிறுத்தாதீர்கள், ஊஞ்சலில் விடுங்கள். கண்ணை விரலால் அழுத்துகிறாள் என்றால் மட்டும் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள், நாளடைவில் கண்குழி உள்வாங்கும்.

சரி, அந்த "பாப்பாவுக்குப் பால் வேணுமா?". இதை ஃப்ரைபெர்க் தனிக் கட்டுரையாகவே எழுதினார். "நான்" என்ற சொல்லைச் சரியாகப் பிடிக்கப் பார்வையில்லாத சில குழந்தைகளுக்கு நாலு வயதுக்கு மேலும் ஆகிறது. ஏனென்றால் "நான்" என்பது ஒரு வேடிக்கையான சொல். அம்மா சொன்னால் அம்மா, அப்பச்சி (அப்பா) சொன்னால் அப்பச்சி, நான் சொன்னால் நான். ஆள் மாற மாற அதுவும் தாவுகிறது. பார்வையுள்ள பிள்ளை யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று கண்ணாலேயே பிடித்துக்கொள்கிறது, கண்ணாடியில் தன்னையும் பார்த்துக்கொள்கிறது. உங்கள் மகளுக்கு அந்த வசதி இல்லை. பால் வரும்போதெல்லாம் அவள் கேட்கிற சத்தம் "பாப்பாவுக்குப் பால் வேணுமா?", அப்போ அதுதானே பாலை வரவழைக்கிற சொல்!

இதில் நம் தமிழ் கொஞ்சம் கூடுதலாகவே குழப்பும். "வேணும்" என்பதில் யாருக்கு என்ற விகுதியே கிடையாது. "வந்தேன்", "தூங்கினேன்" என்றால் ஆள் விகுதிக்குள் ஒளிந்திருக்கிறது, "நான்" என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. போதாததற்கு நாம் பெரியவர்கள் பிள்ளைகளிடம் "நான்" சொல்வதே கிடையாது: "அப்பத்தாகிட்ட வா", "அம்மா அடிப்பேன்", "ஐயாவுக்கு ஒரு முத்தம் குடு". கண் தெரிகிற தமிழ்ப் பிள்ளையும் மூன்று வயதுவரை தன்னைப் "பாப்பா" என்றுதான் சொல்லித் திரியும். அதனால் இதை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். திருத்தவும் வேண்டாம், "எனக்குன்னு சொல்லு" என்று பாடம் நடத்தினால் அதையும் சேர்த்து ஒப்பிப்பாள். அவள் கையை அவள் நெஞ்சிலேயே வைத்து "எனக்கு", உங்கள் நெஞ்சில் வைத்து "உனக்கு" என்று பால் கொடுக்கும்போது அவள் குரலாகவும் உங்கள் குரலாகவும் மாற்றி மாற்றி விளையாடுங்கள். "இந்தா" என்று சொல்லிவிட்டுக் கையில் படாமல் நீட்டிக்கொண்டிருக்காதீர்கள், "அதோ" என்பதை வீட்டைவிட்டே விரட்டுங்கள்.

ஆனால் "பார்" என்ற சொல்லுக்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். தொட்டுப் பார், முகர்ந்து பார், கேட்டுப் பார், சாப்பிட்டுப் பார் என்று நம் மொழியே எல்லாப் புலனுக்கும் அதைக் கொடுத்து வைத்திருக்கிறது. பார்பரா லாண்டாவ், லைலா கிளைட்மன் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையில்லாத ஒரு சிறுமியிடம் மேலே பார் என்றதும் அவள் தலையைத் தூக்கவில்லை, கைகளைத் தூக்கினாள். கண்ணைக் கட்டிவிட்ட பார்வையுள்ள பிள்ளைகள் முகத்தைத்தான் தூக்கினார்கள். அவர்கள் இங்கிலீஷில் மெனக்கெட்டு நிரூபித்ததை எங்கள் அப்பத்தா "எண்ணெய் காஞ்சிருச்சான்னு பாரு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கையை மேலே காட்டித்தான் பார்ப்போம்.

இப்போது நான் செய்த தப்பு ஒன்று. முதன்முதலாக என்னிடம் வந்த பார்வையில்லாத பெண்ணுக்கு ஐந்து வயது (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்). எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது என்ன? குறுக்கிடாதே, காத்திரு, குழந்தை தானாக விளையாட்டைத் தொடங்கட்டும். நானும் தலையை ஆட்டிக்கொண்டு, சிரித்த முகமாக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்து அவள் மெல்ல, யாரிடமோ சொல்வது போல, "எல்லாரும் போயிட்டாக" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை, அவ்வளவுதான் அவள் கணக்கு. ஃப்ராய்டு நோயாளியின் தலைமாட்டில் கண்ணில் படாமல் உட்கார்ந்ததற்குக் காரணம், நாள் முழுக்க ஆட்கள் தன்னையே உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று 1913இல் அவரே எழுதியிருக்கிறார். பார்வையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்துவிட்டுக் காதை நம்பித் தொடங்கிய வைத்தியம் இது, கண் தெரியாத பிள்ளைக்கு ஒத்துவராது என்று சொல்ல நியாயமில்லை. ஆனால் பெரியவருக்கு நிம்மதி தருகிற மௌனம் இந்தப் பிள்ளைக்கு வெறும் வீடு. அன்றிலிருந்து நான் வளையல் போட்டுக்கொண்டுதான் உட்காருவது, மூச்சையும் கொஞ்சம் சத்தமாகவே விடுவது.

அந்தப் பெண்ணைக் கூட்டிவந்ததே கடிக்கிறாள் என்றுதான். அதுவரை "என்ன சாதுவான புள்ளை" என்று ஊரே மெச்சிய பிள்ளை, திடீரென்று கிட்டே வருகிறவர்களை எல்லாம் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். பெரிய வீடு, முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை ஒரு தெரு நீளம். கதை மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. அவளுடைய அப்பத்தா இடுப்பில் கொத்துச்சாவியோடுதான் நடப்பார்களாம். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பத்தா வளவில் (வானம் பார்த்த நடுமுற்றத்தில்) இருக்கிறார்களா, இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டார்களா என்று இவளுக்குத் தெரியும். அப்பத்தா இறந்துபோனார்கள். பிள்ளைக்கு எதற்கு என்று அவளை அண்டைவீட்டில் விட்டுவிட்டு, பிறகு "அப்பத்தா காசிக்குப் போயிருக்காக" என்று சொல்லிவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்த பின் சாவி மருமகள் கைக்கு, அதாவது இவள் அம்மா கைக்கு வந்தது. முதல் நாள் அம்மா சாவியைச் செருகிக்கொண்டு வளவைக் கடந்தபோது இந்தப் பிள்ளை "அப்பத்தா வந்துட்டாக!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். அதுவரை சுவரைப் பிடிக்காமல் நடந்தே அறியாதவள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள், முகர்ந்தாள், விட்டுவிட்டாள். வீட்டில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்களாம், சத்தமே வராமல். அவளுக்கு அந்த நேரத்தில் வீடே காலியாகியிருக்கும்.

என் அறையில் பழைய சாவிகள் ஒரு கொத்து இருந்தது. மூன்றாவது வாரம் அது அவள் கையில் பட்டது. தூக்கி எறிந்து, "காசிக்குப் போ" என்றாள். விழுந்த சத்தம் அடங்கியதும் அழ ஆரம்பித்தாள், எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி எறிந்தாள், மறுபடி அழுகை. ஃப்ராய்டு 1920இல் தன் பேரன் விளையாடியதைப் பற்றி எழுதியிருப்பார், ஒன்றரை வயதுப் பையன் நூல் கட்டிய மரக்கட்டையைக் கட்டிலுக்குள் எறிந்து மறைய வைத்து, நூலைப் பிடித்து இழுத்து "வந்துருச்சு" என்று குதிப்பான், அம்மா வெளியே போவதைத் தாங்கிக்கொள்ள அவன் கண்டுபிடித்த வழி. பார்வையில்லாத பிள்ளைக்கு அந்த நூல்தான் முக்கியம், நூல் இல்லாவிட்டால் போனது போனதுதான். சாவிக்கொத்தில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை அவள் விரலில் சுற்றிவிட்டேன். அந்த விளையாட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது, வேறு எதையும் அவள் தொடவில்லை. ஒரு நாள் பாதியில் நிறுத்தி, "காசியில சாவி இருக்கா?" என்று கேட்டாள்.

அடுத்த முறை அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். வெளியே இருபது நிமிஷம் பேசித்தான் சம்மதிக்க வைக்க முடிந்தது. அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பத்தா செத்துப் போயிட்டாக, இனிமே வரமாட்டாக" என்றார். அவள் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. முகத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கட்டைவிரல் அம்மாவின் முந்தானை ஓரத்தை உருட்டி உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டாள், "அப்ப யாரு நடக்குறா?" "நான்தான்" என்றார் அம்மா. அவள் இடுப்புச் சாவியைத் தொட்டாள், பிறகு மேலே வந்து முகத்தைத் தொட்டாள், ஈரத்தில் கை பட்டதும் எடுத்துக்கொண்டாள்.

கடிப்பது மறுநாளே நின்றுவிடவில்லை, அப்படியெல்லாம் நடப்பதில்லை. மாதங்களில் குறைந்தது. கடிப்பதற்குப் பதிலாகச் "சத்தம் போடாம வராத!" என்று திட்ட ஆரம்பித்தாள், வீட்டில் சிலருக்கு அது கடியைவிட வலித்தது. பர்லிங்ஹாம் இதை நன்றாகவே சொல்லியிருக்கிறார்: எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கிற பிள்ளையால் கோபப்பட முடியாது, கோபித்துக்கொண்டு அவர்கள் போய்விட்டால் என்ன செய்வது? ஆகவே கோபத்தை விழுங்கிவிடும். நம் பக்கம் கண் தெரியாத பிள்ளையைப் பற்றி "சாது" என்று யாராவது புகழ்ந்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

இந்த முன்னோர்கள் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பகுப்பாய்வாளர்கள் கண் என்றாலே தன் கண்ணைத் தானே குத்திக்கொண்ட கிரேக்கக் கதை ராஜா ஈடிபஸ், தண்டனை, ஆண்மை இழப்பு என்று குறியீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்த காலமும் உண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஃப்ரைபெர்க் பார்த்தது பத்தே குழந்தைகள். எல்லாவற்றையும் பார்வையுள்ள பிள்ளையோடு ஒப்பிட்டு "தாமதம்" என்று எழுதுவதே தவறு, இது வேறு பாதை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். 1940களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள்: பார்வையில்லாதவர்கள் சுவர் நெருங்குவதை முகத்தில் உணர்கிறோம் என்று சொல்வது உண்மையில் காதில் விழும் எதிரொலி. உங்கள் வீட்டு வளவுக்குள் நுழையும்போது உங்கள் மகள் ஒரு நொடி நிற்கிறாளா, நாக்கைச் சொடுக்குகிறாளா? கூரை திறந்திருப்பது அவளுக்குக் கேட்கிறது. எனக்கும் உங்களுக்கும் அது கேட்காது.

ஆட்டிசம் விஷயம். பிறவியில் பார்வையில்லாத பிள்ளைகளிடம் ஒப்பிப்பது, ஆடுவது, கற்பனை விளையாட்டு தாமதமாவது, "நான்-நீ" மாறுவது எல்லாம் ஆட்டிசம் போலவே தெரியும். சிலருக்கு நிஜமாகவே ஆட்டிசமும் இருக்கும். ஆனால் வளர வளர, உறவு கிடைக்கக் கிடைக்க, பலரிடம் அது கரைந்துபோவதைப் பீட்டர் ஹாப்சன் போன்ற ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வழக்கமான ஆட்டிசப் பரிசோதனைகளில் "கண்ணைப் பார்க்கிறதா", "விரல் நீட்டிக் காட்டுகிறதா" என்றெல்லாம் கேள்வி இருக்கும், கண் தெரியாத பிள்ளையிடம் அதைக் கேட்டு மதிப்பெண் போட்டால் என்ன வரும்? பார்வையில்லாத பிள்ளைகளோடு பழகிய ஒருவர் பார்க்காதவரை அந்த முத்திரையை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

யாரிடம் போவது என்றால், முழுப் பயிற்சி பெற்ற குழந்தை உளப்பகுப்பாய்வாளர் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் அல்லது பார்வைக் குறைபாட்டுக்கான சிறப்பு ஆசிரியர், இந்த இருவரில் ஒருவராவது கண்டிப்பாக இருக்கட்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடக்கநிலைத் தலையீட்டுச் சேவை (சின்ன வயதிலேயே குறையைக் கண்டு உதவுவது) பற்றி விசாரியுங்கள். பிரெய்லும் பள்ளியும் தனி வழி, அது இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் 1890இலிருந்தே பார்வையற்றோர் பள்ளி நடக்கிற மாநிலம் இது.

போகிற இடத்தில் அறையைக் கவனியுங்கள். விரல் நீள பிளாஸ்டிக் மாடும் பொம்மை வீடும் மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாட்டைத் தொட்ட பிள்ளைக்கு அது சூடான, மூச்சுவிடுகிற சுவர். இந்தப் பிளாஸ்டிக் எந்த விதத்தில் மாடு? மரச்சொப்பு, தண்ணீர், களிமண், கொட்டான் (ஓலைப்பெட்டி) நிறைய அரிசி, திறந்து மூடுகிற கதவு, இவை போதும். முதல் நாள் சிகிச்சையாளர் அவளிடம் தன் பெயரைச் சொல்லி, தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுகிறாரா? இன்குபேட்டரில் ஒன்றரை மாதம் இருந்தவளுக்குச் சொல்லாமல் வந்த கையெல்லாம் ஊசியோடுதான் வந்திருக்கும், விசேஷ வீட்டில் கன்னத்தைக் கிள்ள வருகிற ஆச்சிமாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நீங்கள் அறையைவிட்டுப் போகும்போது பூனை மாதிரி நழுவக் கூடாது, அழுதாலும் பரவாயில்லை, "அம்மா இரண்டாங்கட்டுக்குப் போறேன், வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் பெரியவளானதும் தெரியும் என்று சொல்லாதீர்கள். அவள் கட்டாயம் கேட்பாள், ஏழு வயதுக்குள் ஒரு நாள் கேட்பாள், அன்றைக்கு யார் என்ன சொல்வது என்று இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலம்? வாரம் ஒரு முறையாவது, ஒரே நாள், ஒரே நேரம், குறைந்தது ஒரு வருடம். இரண்டு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். உங்களுக்கும் தனியாகப் பேச நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், அப்பச்சி சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்தால் ஊருக்கு வரும்போது அவரையும் கூட்டிப் போங்கள்.

விடுமுறைதான் பெரிய பாடு. சிகிச்சையாளர் இரண்டு வாரம் வராவிட்டால் இந்தப் பிள்ளைக்கு அவர் செத்துப்போன மாதிரி. நாள்காட்டியைக் காட்ட முடியாது. நம் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்கு 21 நாளை 21 இழையாக எண்ணுகிறோமே, அதை நினைத்துக்கொண்டு நான் ஒரு கயிற்றில் நாளுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன், தினமும் காலையில் ஒன்றை அவிழ்க்க வேண்டும். சாவிப் பெண்ணுக்கும் ஒரு பொங்கல் விடுமுறைக்கு அப்படித்தான் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தபோது கயிறு கையிலேயே இருந்தது, அதில் ஒரு முடிச்சு பாக்கி. அவிழ்க்க மறந்துட்டியா என்று கேட்டேன். முகத்தில் வழக்கம்போல ஒன்றுமில்லை, விரல் மட்டும் அந்த முடிச்சைத் தட்டித் தட்டிக் காட்டியது. "நீங்கதான் ஒண்ணு கூடப் போட்டுட்டீங்க. எண்ணிட்டேன்." மேசைமேல் இருந்த நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கூடத்தான் போட்டிருந்தேன்.